வீட்டு கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, ராம் ஏத்தணுமா எஸ்எஸ்டி போடணுமா?

மின்மினி:
வணக்கம் நண்பர்களே. வீட்ல ஒரு டெஸ்க்டாப் இருக்கு, இன்டெல் ஐ3 நாலாவது ஜெனரேஷன், ராம் 4 ஜிபி டிடிஆர்3, ஹார்ட் டிஸ்க் 1 டிபி, விண்டோஸ் 10. கேம் எல்லாம் யாரும் ஆடறதில்ல, அப்பா எக்செல்ல கணக்கு எழுதுவார், பொண்ணு ஆன்லைன் கிளாஸ் பார்ப்பா, ராத்திரி நான் பிரவுசர்ல கொஞ்சம் ஆபீஸ் வேலை, அவ்ளோதான். போன வருஷம் வரைக்கும் ஓரளவுக்கு ஓடிட்டு இருந்துச்சு, இப்போ கொஞ்ச மாசமா தாங்க முடியல. ஆன் பண்ணா டெஸ்க்டாப் வந்துருது, ஆனா அதுக்கப்புறம் க்ரோமை கிளிக் பண்ணிட்டு எழுந்து போய் வேற வேலையை முடிச்சுட்டு வந்தாலும் அந்த நீல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நடுவுல எக்செல் அப்படியே வெளுத்துப்போய் நாட் ரெஸ்பாண்டிங்னு வரும், கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். கேபினெட்ல ஹார்ட் டிஸ்க் லைட் அணையவே மாட்டேங்குது.

டெம்ப் ஃபைல் எல்லாம் அழிச்சாச்சு, ஸ்டார்ட்அப்ல தேவையில்லாததை ஆஃப் பண்ணியாச்சு, வைரஸ் ஸ்கேன் போட்டா எதுவும் இல்லைங்குது. சி டிரைவ்ல பாதிக்கு மேல காலியாதான் இருக்கு. இப்போதைக்கு ராம், இல்ல ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போடற அந்த வேகமான எஸ்எஸ்டி, ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும், எதை வாங்கினா வித்தியாசம் தெரியும்? இல்ல இந்த வயசான மெஷினுக்கு செலவே பண்ணக்கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

இரவுப்பறவை:
4 ஜிபி ராமை வச்சுக்கிட்டு இன்னைக்கு க்ரோம் ஓட்டறதே கஷ்டம்ங்க. இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்குங்க, அப்படியே ஒரு தடவை ஃபார்மட் அடிச்சு விண்டோஸை புதுசா போட்டுருங்க. சரியாயிடும்.

ஸ்க்ரூடிரைவர்:
மின்மினி, அவசரப்பட்டு எதையும் வாங்க வேணாம், தயவுசெஞ்சு ஃபார்மட்டும் இப்போ அடிக்காதீங்க. நான் சர்வீஸ் வேலைதான் பார்க்கறேன். ஸ்லோன்னு சொன்னாலே ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்லுவாங்க, ஆனா ப்ராசஸர், ராம், டிஸ்க், சூடு இந்த நாலுல எது இழுத்துப் பிடிக்குதுன்னு பார்க்காம காசு போட்டா பாதி நேரம் வீண்தான்.

எப்போ ஸ்லோ ஆகுதுங்கறதை வச்சே ஓரளவு பிடிச்சிடலாம். ஆன் பண்ண உடனே இழுத்து, கொஞ்ச நேரம் கழிச்சு ஓகே ஆச்சுன்னா பெரும்பாலும் டிஸ்க். முதல்ல நல்லா ஓடிட்டு அரை மணி ஒரு மணி நேரம் கழிச்சு இழுக்க ஆரம்பிச்சா சூடு, ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும். ஒண்ணு ரெண்டு டேப் வரைக்கும் நல்லா இருந்து ஏழெட்டு டேப் திறந்ததும் விழுந்துச்சுன்னா ராம். எப்பவுமே ஒரே மாதிரி மந்தமா இருந்தா ப்ராசஸர், இல்ல பின்னாடி ஏதோ ஒரு ப்ரோக்ராம் ஓடிட்டு இருக்கு.

இப்போ ஒரு வேலை செய்யுங்க. கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணாம, ரீஸ்டார்ட் குடுங்க. விண்டோஸ் 10ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு ஆன்ல இருக்கும், அது இருக்கற வரைக்கும் ஷட் டவுன் பண்ணாலும் விண்டோஸோட உள்பகுதி முழுசா அணையாது, அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு மறுபடி எடுக்கும். ரீஸ்டார்ட்தான் உண்மையிலேயே புதுசா ஆரம்பிக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் டேப்ல போய் டிஸ்க்கை கிளிக் பண்ணுங்க. ஆக்டிவ் டைம் எவ்ளோ, ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் எவ்ளோ, ரீட் ஸ்பீட் எவ்ளோ, இந்த மூணும் வேணும். அப்புறம் மெமரியில இன் யூஸ் எவ்ளோ, கமிட்டட் எவ்ளோன்னு பாருங்க. சிபியு ஸ்பீடையும் குறிச்சுக்கங்க. க்ரோம் திறக்கும்போது பார்த்து எழுதுங்க, சும்மா இருக்கும்போது பார்த்தா பிரயோஜனம் இல்ல.

மின்மினி:
ரொம்ப நன்றி அண்ணா. நீங்க சொன்ன மாதிரியே ரீஸ்டார்ட் பண்ணி பார்த்தேன். டிஸ்க் ஆக்டிவ் டைம் 100 சதவீதம், இறங்கவே இல்ல. ரீட் ஸ்பீட் செகண்டுக்கு 1 எம்பி, 2 எம்பி, சில சமயம் கேபில கூட போகுது. ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் 400, 600னு இருந்துட்டு திடீர்னு 3000 மில்லிசெகண்டுக்கு மேல எகிறுது. மெமரி இன் யூஸ் 2.9 ஜிபி, கமிட்டட் 4.3/6.8ன்னு காட்டுது. சிபியு 10, 15 சதவீதம்தான், ஸ்பீட் 3.4 கிகாஹெர்ட்ஸ்.

ஒரு சந்தேகம், செகண்டுக்கு 2 எம்பிதான் படிக்குதுன்னா அது எப்படி 100 சதவீதம் ஆகும்? ஹார்ட் டிஸ்க் 100 எம்பிக்கு மேல போகும்னு படிச்சிருக்கேனே.

ஸ்க்ரூடிரைவர்:
நல்ல கேள்வி, இது புரிஞ்சாலே மீதி எல்லாம் புரிஞ்சிடும். ஆக்டிவ் டைம்ங்கறது டிஸ்க் எவ்ளோ நேரம் வேலையில மாட்டிக்கிட்டு இருக்குங்கறது, எவ்ளோ டேட்டா வந்துச்சுங்கறது இல்ல. ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையா படிச்சா 100, 150 எம்பி வரும், உண்மைதான். ஆனா விண்டோஸ் எழும்பும்போதும் க்ரோம் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைலை டிஸ்க்ல இங்க ஒண்ணு அங்க ஒண்ணா தேடிப் படிக்கணும். உள்ள தட்டு சுத்திக்கிட்டு இருக்கு, ஒரு ஹெட் அதுக்கு மேல நகர்ந்து நகர்ந்து போய் நிக்கணும். 7200 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 120 சுத்து, ஒரு சுத்துக்கு 8 மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல. ஹெட் நகர்ற நேரத்தையும் சேர்த்தா ஒரு குட்டி ஃபைலை எடுக்க 12, 13 மில்லிசெகண்ட் ஆயிடும். அப்போ செகண்டுக்கு 75, 80 தடவைதான் எடுக்க முடியும், ஒவ்வொண்ணும் 4 கேபின்னு வச்சா மொத்தமே 300 கேபி சொச்சம்தான் வருது. அதான் 1 எம்பி படிக்கறதுக்கே டிஸ்க் முழு மூச்சா ஓடுது. எஸ்எஸ்டில சுத்தற தட்டும் இல்ல நகர்ற ஹெட்டும் இல்ல, அதே வேலையை மில்லிசெகண்ட்ல பத்துல ஒரு பங்குல முடிச்சிடும். பழைய மெஷின்ல எஸ்எஸ்டி போட்டா அவ்ளோ வித்தியாசம் தெரியறதுக்கு காரணம் இதுதான். வேகமா காப்பி ஆகறதை விட, இந்த குட்டி ஃபைல் தேடற நேரம் இல்லாம போறதுதான் பெரிய விஷயம்.

ஆனா உங்க கணக்குல எனக்கு உறுத்தறது அந்த 3000 மில்லிசெகண்ட். வரிசையில நிறைய வேலை நிக்கும்போது நல்ல ஹார்ட் டிஸ்க்கும் சில நூறு மில்லிசெகண்ட் வரைக்கும் போகும், அது சகஜம். மூணு செகண்ட் பதில் வரலைன்னா டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுதுன்னு சந்தேகப்படணும். எக்செல் வெளுத்துப்போய் தானா சரியாகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுவும் இதோட ஒத்துப்போகுது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, இறக்கி ஓட்டிப் பாருங்க. மேல நீலத்துல குட்னு இருக்கா, மஞ்சள்ல காஷன்னு இருக்கான்னு சொல்லுங்க. கீழ பட்டியல்ல 05, சி5, சி6, சி7 இந்த நாலு வரிசையோட ரா வேல்யூவும் வேணும்.

வெண்பா:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ஸ்க்ரூடிரைவர் அண்ணா, 100 சதவீத டிஸ்க்னு வந்தாலே டிஸ்க் மேல பழி போட முடியுமா? ராம் பத்தலைன்னா விண்டோஸ் பேஜ் ஃபைல்ல, அதாவது ராமுக்கு பதிலா டிஸ்க்லயே ஒதுக்கின ஃபைல்ல, எழுதி எழுதி படிக்கும், அப்பவும் டிஸ்க் 100தான் காட்டும். அப்படிப் பார்த்தா இரவுப்பறவை சொன்னதுலயும் நியாயம் இருக்கே.

ஸ்க்ரூடிரைவர்:
கரெக்ட்டா பிடிச்சீங்கம்மா, ராம் பத்தாக்குறை டிஸ்க் வேஷத்துலதான் வரும். அதைப் பிரிச்சுப் பார்க்க டாஸ்க் மேனேஜர்லயே கீழ ரிசோர்ஸ் மானிட்டர்னு இருக்கும், அதைத் திறந்து டிஸ்க் டேப்ல எந்த ஃபைல் அதிகமா படிக்கப்படுது, எழுதப்படுதுன்னு பார்க்கணும். மேலயே பேஜ்ஃபைல் டாட் சிஸ் உக்கார்ந்திருந்தா ராம் பத்தல. அது இல்லாம க்ரோம் ஃபோல்டர், விண்டோஸ் ஃபோல்டர்னு கலந்து கட்டி வந்தா டிஸ்க்கே மெதுவு. மின்மினியோட மெஷின்ல க்ரோம் அப்பதான் திறக்குது, 2.9 ஜிபிதான் யூஸ்ல இருக்கு, அதனால இப்போதைக்கு முதல் குற்றவாளி ராம் இல்ல. ஆனா எஸ்எஸ்டி போட்டதுக்கப்புறம் அடுத்த முட்டுக்கட்டை கண்டிப்பா ராம்தான், அதுல சந்தேகமே இல்ல.

நான்காம் கோர்:
இந்த பேச்சோட என் கேள்வியும் ஒண்ணு. என்னோடது லேப்டாப், எஸ்எஸ்டி இருக்கு, 8 ஜிபி ராம், ஆனா சில நாள் மவுஸ் நகர்றதே தெரியாத அளவுக்கு மந்தமாயிடும். டாஸ்க் மேனேஜர்ல சிபியு ஸ்பீட் 0.78 கிகாஹெர்ட்ஸ்னு அசையாம நிக்குது. டிஸ்க் சும்மாதான் இருக்கு.

ஸ்க்ரூடிரைவர்:
உங்களோடது வேற கதை, ப்ராசஸரை யாரோ பிரேக் போட்டுப் பிடிக்கறாங்க. சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க. ஸ்பீட் ஏறுச்சுன்னா சார்ஜர் ஒரிஜினல் இல்ல, இல்லைன்னா வாட்ஸ் கம்மி, இல்ல அந்த பின் போயிருக்கும். சார்ஜரை அடையாளம் தெரியலைன்னா நிறைய லேப்டாப் பாதுகாப்புக்காக ப்ராசஸரை அடிமட்டத்துக்கு இறக்கிடும். பேட்டரியிலயும் அதே 0.78னா ஹெச்டபிள்யு இன்ஃபோ மாதிரி ஏதாவது போட்டு சூடு பாருங்க, 90 டிகிரிக்கு மேல போனா கழட்டி தூசி எடுத்து ப்ராசஸர் மேல தடவற பேஸ்ட்டை மாத்தற நேரம் வந்தாச்சு. மேற்கொண்டு தனியா ஒரு பதிவு போடுங்க, இங்க மின்மினியோட விஷயம் கலங்கிடும்.

மின்மினி:
அண்ணா, மஞ்சள்தான். காஷன்னு இருக்கு. 05 ரீஅலோகேட்டட் செக்டார் கவுண்ட் 0000000001ஏ0, சி5 கரண்ட் பெண்டிங் செக்டார் 000000000048, சி6ம் அதே 48, சி7 எல்லாம் சைபர். பவர் ஆன் ஹவர்ஸ் 21 ஆயிரம் சொச்சம். இதுக்கு என்ன அர்த்தம், பயப்படணுமா? இதுலதான் பொண்ணு பொறந்ததுலேர்ந்து எடுத்த ஃபோட்டோ எல்லாம் இருக்கு.

ஸ்க்ரூடிரைவர்:
பதறாதீங்க, ஆனா இன்னைக்கே செய்ய வேண்டிய வேலை ஸ்பீட் ஏத்தறது இல்ல, ஃபோட்டோவை வெளிய எடுக்கறது.

அந்த ரா வேல்யூ ஹெக்ஸ்ல இருக்கு, ஃபங்ஷன் மெனுல அட்வான்ஸ்டு ஃபீச்சர்க்குள்ள ரா வேல்யூஸ்னு போனா சாதா எண்ணா மாத்திக்கலாம். 1ஏ0ன்னா 416, 48ன்னா 72. அதாவது டிஸ்க் 416 இடத்தை இது கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி ஒதுக்கிட்டு மாத்து இடம் குடுத்திருக்கு. இன்னும் 72 இடம் படிக்க முடியாம தொங்கல்ல நிக்குது. உங்க சிஸ்டம் உறையறது இந்த தொங்கல்லதான், வீட்டு உபயோக ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரு செக்டார், அதாவது டிஸ்க்ல ஒரு குட்டி இடம், படிக்க வரலைன்னா உடனே கைவிடாது, பல செகண்ட் விடாம முயற்சி பண்ணும், அதுவரைக்கும் விண்டோஸ் காத்துக்கிட்டு நிக்கும், எக்செல் வெளுத்துப் போகும். சி7 சைபர்ங்கறது ஒரு நல்ல சேதி, அது ஏறியிருந்தா டிஸ்க்கை போர்டோட இணைக்கற சாட்டா கேபிள் மேல சந்தேகம் வந்திருக்கும், இங்க கேபிள் நல்லா இருக்கு, டிஸ்க்தான் போய்க்கிட்டு இருக்கு. இன்னும் ஒரு வருஷமும் ஓடலாம், நாளைக்கே நின்னும் போகலாம், யாராலயும் சொல்ல முடியாது.

இரவுப்பறவை:
செக் டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டா பேட் செக்டார் எல்லாம் சரி பண்ணிடுமே? அதை ஓடவிட்டுட்டு அப்புறம் காப்பி பண்ணலாம்ல. டிஃப்ராகும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

ஸ்க்ரூடிரைவர்:
வேணவே வேணாம் ப்ரோ, ரெண்டுமே இந்த நிலைமையில ஆபத்து. ஸ்லாஷ் ஆர் போட்டா 1 டிபியையும் மூலை முடுக்கு விடாம படிச்சுப் பார்க்கும், மணிக்கணக்குல ஓடும். ஏற்கனவே தள்ளாடற டிஸ்க்கு அதுவே கடைசி ஓட்டமா ஆயிடலாம். டிஃப்ராக் அதை விட மோசம், நல்லா இருக்கற ஃபைலையும் எடுத்து எடுத்து வேற இடத்துல எழுதும். முதல்ல காப்பி, அப்புறம் எந்த பரிசோதனை வேணும்னாலும் செய்யுங்க.

மின்மினி, வெளிய ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கோ பெரிய பென் டிரைவோ யார்கிட்டயாவது வாங்கிக்கங்க. சி டிரைவ்லேர்ந்து டி டிரைவுக்கு காப்பி பண்ணி வச்சுட்டேன்னு நிறைய பேர் நிம்மதியா இருப்பாங்க. ரெண்டும் ஒரே டிஸ்க்கோட ரெண்டு பாகம்தான், போனா சேர்ந்துதான் போகும். மொத்தமா செலக்ட் ஆல் குடுத்து இழுக்காதீங்க. திரும்ப கிடைக்காதது முதல்ல, அதாவது ஃபோட்டோ, அப்பாவோட கணக்கு, சர்டிஃபிகேட் ஸ்கேன். ஃபோல்டர் ஃபோல்டரா காப்பி பண்ணுங்க, ஒரு ஃபைல்ல மாட்டினா ஸ்கிப் குடுத்துட்டு அடுத்ததுக்குப் போங்க, அதையே பிடிச்சுக்கிட்டு நிக்க வேணாம். சினிமா, இன்ஸ்டாலர் எல்லாம் கடைசியா, இல்ல விட்டுடலாம். ரோபோகாப்பின்னு விண்டோஸ்ல இருக்கற காப்பி கமாண்ட் தெரியும்னா இன்னும் நல்லது, ஆனா ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யு கோலன் 1னு சேர்த்துக்கங்க. அது சேர்க்கலைன்னா ஒரு கெட்டுப்போன ஃபைலுக்கு 30 செகண்டுக்கு ஒரு தடவையா பத்து லட்சம் தடவை முயற்சி பண்ற மாதிரிதான் அதோட இயல்பான செட்டிங் இருக்கு.

பெங்குயின் பிரியன்:
இதுக்கு என் யோசனை, விண்டோஸுக்குள்ள போகாமலே காப்பி பண்ணுங்க. விண்டோஸ் ஆன் ஆனாலே அப்டேட், இண்டெக்ஸிங், டிஃபெண்டர்னு அந்த டிஸ்க்கை நச்சரிச்சுக்கிட்டே இருக்கும். வேற ஒரு கம்ப்யூட்டர்ல, விண்டோஸுக்கு பதிலா ஓடற லினக்ஸ் மின்ட்ங்கற இலவச சிஸ்டத்தை இறக்கி பென் டிரைவ்ல போட்டு, அதுலேர்ந்து பூட் பண்ணீங்கன்னா இன்ஸ்டால் பண்ணாமலே டெஸ்க்டாப் வரும். ஃபைல் மேனேஜர்ல உங்க விண்டோஸ் பார்ட்டிஷன் தெரியும், அங்கேர்ந்து யுஎஸ்பி டிஸ்க்குக்கு சாதாரணமா இழுத்துப் போட்டுடலாம். 4 ஜிபி ராம் அதுக்குப் போதும். முன்னாடி ஒரு தடவை விண்டோஸை ரீஸ்டார்ட் குடுத்துட்டு, லோகோ வர்றதுக்கு முன்னாடியே பூட் மெனு கீயை அமுக்கி பென் டிரைவுக்குப் போயிடுங்க. ஷட் டவுன் பண்ணிட்டு வந்தா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னால பார்ட்டிஷன் பூட்டின மாதிரி இருக்கும், படிக்க மட்டும்தான் விடும், சில சமயம் அதுவும் அடம்பிடிக்கும்.

நிறைய ஃபைல் மாட்டுச்சுன்னா டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு, நல்ல பகுதியை எல்லாம் முதல்ல எடுத்துட்டு கெட்ட பகுதிக்கு கடைசியா வரும். அதுக்கு இன்னொரு முழு டிஸ்க் காலியா வேணும். தேவைப்பட்டா சொல்லுங்க, ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதறேன்.

வெண்பா:
மின்மினி அக்கா, இன்னொண்ணு யாரும் சொல்லல. உங்க அப்பாவோட பழைய ஃபைல் எதாவது பாமினி, டாப் மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணதா இருந்தா அந்த ஃபான்ட் ஃபைலையும் சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்லேர்ந்து எடுத்து வச்சுக்கங்க. புது விண்டோஸ்ல அந்த ஃபான்ட் இல்லைன்னா டாக்குமென்ட் முழுக்க சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தா தெரியும், ஃபைலே கெட்டுப்போச்சுன்னு அழிச்சுடுவாங்க. எங்க வீட்ல பெரியப்பா எழுதி வச்ச கடிதம் எல்லாம் பாமினியிலதான் இருக்கு, அந்த ஒரு குட்டி ஃபைல் இருக்கறதாலதான் இன்னைக்கும் படிக்க முடியுது. பிரவுசர் புக்மார்க், சேவ் பண்ண பாஸ்வேர்டு இதையும் மறக்காதீங்க.

மின்மினி:
அக்கான்னு கூப்பிட்டு சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா, அப்பாகிட்ட கேட்டேன், அவரோட பழைய கணக்கு எல்லாமே பாமினிதானாம், யாருக்கும் தோணியிருக்காது. பெங்குயின் பிரியன் சொன்ன மாதிரி மின்ட் பென் டிரைவ் போட்டு தம்பி உதவியோட காப்பி பண்ணிட்டோம். ஃபோட்டோ எல்லாம் வந்துருச்சு, சில வீடியோ மட்டும் மாட்டுச்சு, அதுல முக்கியமானது ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் வாட்ஸ்அப்ல இன்னொருத்தர்கிட்ட இருக்கு. இப்போ எஸ்எஸ்டி வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணலாமா, புதுசா போடணுமா? என்ன டைப் வாங்கணும்? என்விஎம்இன்னு ஒரு எஸ்எஸ்டி டைப் வேகம்னு சொல்றாங்களே.

ஸ்க்ரூடிரைவர்:
ஃபோட்டோ வந்தது ரொம்ப சந்தோஷம். இப்போ நிம்மதியா ஸ்பீட் பத்தி பேசலாம்.

குளோன் வேணாம். டிஸ்க் நல்லா இருந்தா குளோன் சுலபம், ஆனா படிக்க முடியாத செக்டார் இருக்கறப்போ பாதியில நிக்கும், இல்லைன்னா உடைஞ்ச விண்டோஸ் ஃபைலும் அப்படியே புதுசுக்கு வந்து சேரும். புது இன்ஸ்டால்தான் நல்லது. லைசென்ஸ் பத்தி கவலை வேணாம், ஏற்கனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10னா டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், டிஸ்க் மாத்தினா போகாது. கீ கேட்கற இடத்துல கீ இல்லைன்னு குடுத்து, முன்னாடி ஹோமா ப்ரோவா எது இருந்துச்சோ அதையே தேர்ந்தெடுங்க, நெட் கனெக்ட் ஆனதும் தானா ஆக்டிவேட் ஆயிடும்.

உங்க நாலாவது ஜெனரேஷன் போர்டுல பெரும்பாலும் என்விஎம்இ ஸ்லாட்டே இருக்காது, இருந்தாலும் அதுலேர்ந்து பூட் ஆகறது சந்தேகம். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்க, அது செகண்டுக்கு 500 எம்பி சொச்சம் போகும், உங்க வேலைக்கு தாராளம். 240, 256 ஜிபி விண்டோஸுக்கும் ஆபீஸ் வேலைக்கும் போதும், முடிஞ்சா 500. போர்டு ஹெச்81 சிப்செட்டா இருந்தா நாலு சாட்டா போர்ட்ல ரெண்டுதான் 6 ஜிபிபிஎஸ், மீதி ரெண்டு 3. போர்டு மேல பொடி எழுத்துல போட்டிருக்கும், கலர்லயும் வித்தியாசம் இருக்கும், 6லயே மாட்டுங்க. பயாஸ்ல (ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி திறக்கற செட்டிங் பக்கம்) சாட்டா மோட் ஐடிஇன்னு இருந்தா ஏஹெச்சிஐன்னு மாத்திட்டு இன்ஸ்டால் ஆரம்பிங்க. இன்ஸ்டால் பண்ணும்போது பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளை கழட்டி வச்சுடுங்க. ரெண்டும் மாட்டியிருந்தா விண்டோஸ் எஸ்எஸ்டில போயிட்டு அதோட பூட் ஃபைல் மட்டும் பழைய டிஸ்க்ல போய் உக்காந்துக்கும், பின்னாடி அதைக் கழட்டினா கம்ப்யூட்டரே எழும்பாது. இந்த கேஸ் என்கிட்ட நிறைய வரும்.

போட்டதுக்கப்புறம் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர்னு எதையும் ஏத்தாதீங்க. ரெஜிஸ்ட்ரியை சுத்தம் பண்றதால கண்ணுக்குத் தெரியற வேகம் வராது, தப்பா ஒண்ணு அழிஞ்சா தலைவலிதான் மிச்சம். ராமை காலி பண்றேன்னு சொல்ற சாஃப்ட்வேரும் அப்படித்தான், விண்டோஸ் வேணும்னே ராம்ல வச்சிருக்கறதை வெளிய தள்ளிவிடும், அது மறுபடி டிஸ்க்லேர்ந்து எடுக்கணும். ஆன்டிவைரஸ் ஒண்ணுக்கு மேல வேணாம், டிஃபெண்டரே போதும். எஸ்எஸ்டிக்கு தனியா டிஃப்ராக் போட வேணாம், விண்டோஸ்ல ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்ங்கறது எஸ்எஸ்டின்னு தெரிஞ்சுக்கிட்டு ட்ரிம் பண்ணும், அதாவது அழிச்ச ஃபைலோட இடம் காலின்னு எஸ்எஸ்டிக்கு சொல்லும், அந்த ஷெட்யூலை ஆஃப் பண்ணிடாதீங்க.

அடுத்து கையில காசு வரும்போது ராம். இப்போ இருக்கற ஸ்டிக்கை கழட்டி லேபிளைப் பாருங்க, பிசி3-12800னு இருந்தா அது டிடிஆர்3 1600. அதே மாதிரி இன்னொரு 4 ஜிபி போட்டா ரெண்டும் சேர்ந்து டூயல் சேனல்ல, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு வழியா, ஓடும், உங்க மெஷின்ல தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால அது வீடியோ பார்க்கறதுக்கும் உதவும்.

பெங்குயின் பிரியன்:
அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சாச்சு. இப்போ மறுபடி 10ஐ போடறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமா இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷன், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் எல்லாம் கேட்கும், உங்களோடது வராது. குறுக்கு வழியில ஏத்தலாம், ஆனா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்ல, பேங்க் வேலை பார்க்கற மெஷின்ல அது எனக்கு மனசுக்கு ஒப்பல.

மின்ட்லயே இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகை போட்டா 4 ஜிபியிலயும் சுகமா ஓடும், மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ்ங்கற வசதியில தமிழ்99 கீபோர்டு இருக்கு. அப்பாவோட பாமினி ஃபான்ட்டும் அதுல போட்டுக்கலாம். எக்செல் மட்டும்தான் யோசிக்கணும், லிப்ரே ஆபீஸ் சாதா கணக்கு ஃபைலை நல்லா திறக்கும், மேக்ரோ, அதாவது ஷீட்ல தானா வேலை செய்யற குட்டி ப்ரோக்ராம், போட்ட ஃபைல்னா தகராறு பண்ணும். பென் டிரைவ் கையிலதான் இருக்கே, அப்பாவோட ஃபைல் ஒண்ணை அதுல திறந்து காட்டுங்க, அவருக்கு ஓகேன்னா அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஸ்க்ரூடிரைவர்:
இது நியாயமான பேச்சு. விண்டோஸ்தான் வேணும்னா 10க்கு கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒண்ணு இருக்கு, வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும், செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கான லிங்க் வரும். அது ஒரு தற்காலிக ஏற்பாடுதான். எஸ்எஸ்டிக்கு போடற காசு எப்படியும் வீண் போகாது, நாளைக்கு வேற மெஷின் வாங்கினாலும் கழட்டி அதுல மாட்டிக்கலாம். டிடிஆர்3 ராம் அப்படி இல்ல, புது மெஷின்ல சேராது. ரெண்டுல ஒண்ணுன்னு நீங்க கேட்டதுக்கு என் பதில்ல இதுவும் ஒரு காரணம்.

மின்மினி:
அப்டேட் குடுத்துடறேன். எஸ்எஸ்டி போட்டாச்சு. அப்பா மின்ட்ல அவரோட ஃபைலைப் பார்த்தார், ரெண்டு ஷீட்ல மேக்ரோ ஓடல, அதனால இப்போதைக்கு விண்டோஸ் 10தான், கூடுதல் அப்டேட் திட்டத்துலயும் சேர்த்தாச்சு. அதே ஐ3, அதே 4 ஜிபி, ஆன் பண்ணி உக்கார்றதுக்குள்ள டெஸ்க்டாப் வந்து, க்ரோமை கிளிக் பண்ணா உடனே திறக்குது. டாஸ்க் மேனேஜர்ல ரெஸ்பான்ஸ் டைம் 1 மில்லிசெகண்டைத் தாண்டறதே அபூர்வமா இருக்கு. நிறைய டேப் திறந்தா மட்டும் கொஞ்சம் தயங்குது, அது ராம்னு இப்போ எனக்கே தெரியுது. எல்லாருக்கும் மனசார நன்றி.

கடைசியா ஒண்ணு, பழைய 1 டிபியை சும்மா சினிமா போட்டு வைக்க உள்ளயே மாட்டி வச்சுக்கலாமா?

ஸ்க்ரூடிரைவர்:
மாட்டாதீங்கம்மா. அது உள்ள இருந்தாலே விண்டோஸ் அதை அப்பப்போ தட்டிப் பார்க்கும், அது பதில் சொல்லாத நேரத்துல ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கறதே மறுபடி உறையும். காப்பி பண்ண ஃபோட்டோவை ஒவ்வொரு ஃபோல்டரா திறந்து பார்த்து, இன்னொரு பிரதி வேற ஒரு டிஸ்க்லயோ கிளவுட்லயோ போட்டதுக்கப்புறம் அந்த டிஸ்க்கை முழுசா அழிச்சுட்டு, இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க. அதுவரைக்கும் ஒரு ஓரமா பத்திரமா இருக்கட்டும், கீழ போட்டுடாதீங்க.